விஜய் சிங் எந்த ஊர்க்காரர்?

விக்கிப்பீடியாவில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பக்கத்தின் ஓரத்தில் வரும் தகவற்சட்டம் முதலில் கேட்பது பெயர். அடுத்தது பிறந்த நாள். பிறகு நாடு. பெயருக்கும் பிறந்த நாளுக்கும் பெரும்பாலும் தகராறு வருவதில்லை. நாட்டுக்கு வரும்.

கிரிக்கெட், கால்பந்து என்றால் வேலை சுலபம். ஒரு வாரியம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, சட்டை கொடுக்கிறது, களத்தில் இறக்குகிறது. சட்டையில் இருக்கும் நாட்டை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கோல்ஃபில் சட்டை கிடையாது. வருடம் முழுக்க ஆட்டக்காரர் தனக்காகவே ஆடுகிறார். பரிசுப் பணம் அவர் கணக்கில் விழுகிறது. தொப்பியில் இருப்பது விளம்பரம் கொடுத்தவரின் பெயர். ஆனாலும் ஸ்கோர் பலகையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு கொடி நிற்கிறது. அந்தக் கொடி பிறந்த மண்ணைச் சொல்கிறதா, கையிலிருக்கும் கடவுச்சீட்டைச் சொல்கிறதா, அவர் மனசைச் சொல்கிறதா என்று பலகையிடம் கேட்க முடியாது. கலைக்களஞ்சியத்திடம் கேட்பார்கள். கேட்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் விளையாட்டுக் கட்டுரைகளில் கைவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கொஞ்ச காலமாக விஜய் சிங் பற்றிய பக்கத்தை விரிவாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் எழுத முடியாமல் மிஞ்சியவைதான் இந்தப் பதிவு. ஏன் அங்கே எழுத முடியவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு டைகர் வுட்ஸைத் தெரிந்த அளவுக்கு விஜய் சிங்கைத் தெரியாது. ஆனால் வுட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில் அவரை முதலிடத்திலிருந்து இறக்கிய ஆள் இவர். 2004 செப்டம்பர் தொடக்கத்தில், பாஸ்டன் பக்கம் நடந்த டாய்ச்ச பேங்க் போட்டியில் வுட்ஸோடு கடைசிச் சுற்றில் சேர்ந்து ஆடி ஜெயித்தார். தொடர்ச்சியாக 264 வாரம் நீடித்திருந்த வுட்ஸின் முதலிடம் அன்றோடு போயிற்று. அந்த ஒரே வருடத்தில் அமெரிக்காவின் பிஜிஏ சுற்றில் 9 வெற்றிகள். பரிசுப் பணம் 1,09,05,166 டாலர். ஒரு பருவத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர். அப்போது அவருக்கு வயது 41. மற்றவர்கள் இடுப்பு வலி, முட்டி வலி என்று ஒதுங்கும் வயதில் இவர் வேகம் பிடித்தார். பிஜிஏ சுற்றில் வாங்கிய 34 வெற்றிகளில் 22, நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் சாம் ஸ்னீட் வைத்திருந்த சாதனை 17.

இதையெல்லாம் எழுதுவது எளிது. எண்கள் இருக்கின்றன, மேற்கோள் இருக்கிறது. முதல் வாக்கியத்தில்தான் சிக்கல்.

அவர் பிறந்தது 1963 பிப்ரவரி 22-இல், ஃபிஜி நாட்டின் லௌடோக்காவில். கரும்பு ஆலை ஊர் அது. வளர்ந்தது பக்கத்திலிருக்கும் நாடியில். அப்பா மோகன் சிங் விமானத் தொழில்நுட்பப் பணியாளர், கோல்ஃபும் சொல்லிக்கொடுத்தவர். நாடி என்றதும் அங்கே போய்வந்த தமிழர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள்: விமான நிலையம், அப்புறம் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றினார்கள் அல்லவா, அந்த வழி வந்தவர்கள் கட்டிக்காத்த கோயில். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் 1926-இல் உருவானதும் அந்த வட்டாரத்தில்தான். விஜய் சிங் இந்திய வம்சாவளி, ஆனால் தமிழர் இல்லை. அவருக்கும் நமக்கும் அந்த ஊரைத் தாண்டிச் சொந்தம் எதுவும் கிடையாது. இதைச் சொல்லிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் யாராவது வாட்ஸாப்பில் அவருக்குப் பூர்வீகமாக ஒரு தஞ்சாவூர்க் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் லியோனிடாஸ் ஃபிஜிக்கு வந்தது 1879 மே 14. 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஒப்பந்தம் அவர்கள் வாயில் கிர்மிட் ஆனது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஃபிஜியில் பிறந்து, ஃபிஜியில் படித்து, ஃபிஜியின் கடவுச்சீட்டில் வெளிநாடு போனார்கள். ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தில் ஃபிஜியன் என்ற பெயர் அவர்களுக்கு இல்லை. அது பூர்வகுடி மக்களுக்கு மட்டும் உரியது. இவர்கள் இந்தியர்கள். 1970-இல் விடுதலை கிடைத்த பிறகும் அதே ஏற்பாடுதான். 1997 அரசமைப்பு எல்லாருக்கும் பொதுவாக ‘ஃபிஜித் தீவினர்’ என்றொரு பெயரைக் கொண்டுவந்தது. அது யார் வாயிலும் ஒட்டவில்லை. 2010-இல் வந்த ஆணைக்குப் பிறகுதான் சட்டப்படி குடிமக்கள் எல்லாருமே ஃபிஜியன்கள் ஆனார்கள். பூர்வகுடியினர் இதௌகேய் எனப்பட்டார்கள்.

இப்போது விஜய் சிங்கின் வாழ்க்கையை இந்தக் காலக்கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 1998-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000-இல் மாஸ்டர்ஸ், 2004-இல் மறுபடியும் பிஜிஏ சாம்பியன்ஷிப். மூன்று மேஜர் பட்டங்கள்; கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள். இந்த வருடங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியும் பத்திரிகையும் அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘தி பிக் ஃபிஜியன்’. ஆறடி இரண்டங்குல ஆள், பொருத்தம்தான். ஆனால் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் அவரை அந்தப் பெயரால் கொண்டாடிய அதே நேரத்தில், அவர் பிறந்த நாட்டின் சட்டம் அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. உலகத்துக்கே தெரிந்த ஒரே ஃபிஜியன், ஃபிஜியின் ஏட்டில் ஃபிஜியன் இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. அவர் மாஸ்டர்ஸ் ஜெயித்தது 2000 ஏப்ரல் 9. ஏர்னி எல்ஸைவிட 3 அடிகள் குறைவாக, 278-இல் முடித்தார். வெற்றியாளருக்குத் தரும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். சரியாக நாற்பதாம் நாள், மே 19 அன்று, ஜார்ஜ் ஸ்பைட் என்பவர் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு சுவா நகரில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார். பிரதமர் மகேந்திர சௌத்ரியையும் அமைச்சர்களையும் பணயக் கைதிகளாகப் பிடித்தார். 56 நாள் வைத்திருந்தார். சௌத்ரிதான் இந்திய வம்சாவளியிலிருந்து வந்த முதல் ஃபிஜிப் பிரதமர். ஸ்பைட்டின் ஆட்கள் சொன்ன காரணமும் அதுதான். அதற்கு முன் 1987 மே 14-இல் ரபூகா என்ற ராணுவ அதிகாரி நடத்திய முதல் புரட்சியும் லியோனிடாஸ் வந்த அதே தேதியில் நடந்தது. தற்செயலாக இருக்கலாம். அந்த இரண்டு புரட்சிகளுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கிளம்பின.

மாஸ்டர்ஸையும் பணயக் கைதிகளையும் இப்படி ஒரே பத்தியில் வைத்து விக்கிப்பீடியாவில் எழுதினால் மறுநாளே நீக்கிவிடுவார்கள். நானே நீக்குவேன். இரண்டும் தனித்தனியே உண்மை, இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அர்த்தம் பிறக்கவைப்பது நான். அதைச் சொல்லும் மூன்றாவது ஆதாரம் ஒன்று வேண்டும். இல்லையென்றால் அது சொந்த ஆய்வு. விஜய் சிங் 2000 மே மாதத்தில் என்ன நினைத்தார் என்று எனக்கு ஊகம் இருக்கலாம். கலைக்களஞ்சியத்துக்கு என் ஊகம் தேவையில்லை. இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு விளையாட்டு வீரரின் பக்கமும் ரசிகர் மன்றத் துண்டறிக்கை ஆகிவிடும். வலைப்பதிவுக்கு அந்தக் கட்டு இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்படியானால் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் என்ன போடுவது? ‘ஃபிஜி நாட்டைச் சேர்ந்த தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்’ என்று போட்டேன். ‘இந்திய வம்சாவளி’ என்பதை முதல் வரியில் சேர்க்கச் சொல்லி வாதிட்டவர்கள் உண்டு. அது இளமைப் பருவம் என்ற பகுதியில், கரும்பாலையோடும் கிர்மிட்டோடும் சேர்ந்து வரவேண்டியது. முதல் வரி என்பது அவர் எதற்காக அறியப்படுகிறார் என்று சொல்லும் இடம். முன்னோர் கப்பலேறியது அவரைப் புரிந்துகொள்ள உதவும், ஆனால் அதற்காக யாரும் அவர் பெயரைத் தேடவில்லை. இன்னொரு தரப்பு, அவர் பல காலமாக ஃபுளோரிடாவில் வசிப்பதால் ‘அமெரிக்க’ என்று போடச் சொன்னது. வீட்டு முகவரியை வைத்து நாடு எழுத ஆரம்பித்தால் உலகத்தின் பாதி கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஃபுளோரிடாக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வருமான வரி இல்லாத மாநிலம் அது, வெயிலும் உண்டு.

விக்கித்தரவு என்ற சகோதரத் திட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கட்டுரைகளுக்குப் பின்னால் இருக்கும் தரவுக் கிடங்கு அது. அங்கே ‘குடியுரிமை பெற்ற நாடு’ என்பதற்கு ஒரு தனிப் பண்பு, எண் பி27. ‘விளையாட்டில் எந்த நாட்டுக்காக’ என்பதற்கு வேறொன்று, பி1532. பிறந்த இடத்துக்கு பி19. மூன்றும் வேறு வேறு அறைகள். யாரோ புண்ணியவான்கள் முன்யோசனையோடு பிரித்துவைத்திருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், பல மொழி விக்கிகளின் தகவற்சட்டங்கள் இந்த மூன்றையும் ‘நாடு’ என்ற ஒரே வரியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆங்கில விக்கியின் கோல்ஃப் சட்டத்தில் ‘விளையாட்டு சார்ந்த தேசியம்’ என்று தெளிவாகவே போட்டுக் கொடி வைக்கிறார்கள். படிக்கிறவர் கண் கொடியைப் பார்க்கிறது, ‘விளையாட்டு சார்ந்த’ என்பதைத் தாண்டிவிடுகிறது.

இந்த மூன்று அறைகளும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஆண்கள் கோல்ஃப் மேடையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. தங்கம் வாங்கிய ஸாண்டர் ஷாஃப்லி அமெரிக்கர், சான் டியேகோவில் பிறந்தவர். அப்பா வழி ஜெர்மனி, பிரான்ஸ். அம்மா தைவானில் பிறந்து ஜப்பானில் வளர்ந்தவர். வெள்ளி வாங்கிய ரோரி சபாட்டினி தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், அந்தக் கொடியில்தான் பிஜிஏ சுற்றில் தன் 6 வெற்றிகளையும் பெற்றார். மனைவி ஸ்லோவாக்கியாக்காரர். சபாட்டினி ஸ்லோவாக்கியக் குடியுரிமை வாங்கினார், 2019 முதல் அந்தக் கொடியில் ஆடினார், டோக்கியோவில் கடைசி நாள் 61 அடித்து ஸ்லோவாக்கியாவுக்கு வெள்ளி கொண்டுவந்தார். வெண்கலம் சி. டி. பான். தைவான்காரர். ஆனால் ஒலிம்பிக்ஸில் தைவான் என்ற பெயரும் அதன் கொடியும் கிடையாது; ‘சீன தைப்பே’, அதற்கென்று ஒரு வெள்ளைக் கொடி. அந்த வெண்கலத்துக்காக ஏழு பேர் கூடுதல் குழிகளில் மோதினார்கள். தோற்ற ஆறு பேரில் ஒருவர் ரோரி மெக்கில்ராய், அவர் கதை தனி.

சபாட்டினியின் பக்கத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2007-இல் கலோனியல் போட்டியில் ஜெயித்தவர் பட்டியலில் அவர் பெயருக்கு முன் ஸ்லோவாக்கியக் கொடியை வைக்கக் கூடாது. அன்றைக்கு அவர் தென்னாப்பிரிக்கர். போட்டி நடந்தபோது இருந்த நாடுதான் போட்டிப் பட்டியலில் வரவேண்டும். இந்த விதியை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனாலும் யாராவது ஒருவர் உற்சாகமாக வந்து பழைய வருடங்களையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் போவார். நல்லெண்ணம்தான். திருப்பிவைக்க நமக்குத்தான் ராத்திரி போகும்.

மெக்கில்ராய் 1989-இல் வட அயர்லாந்தின் ஹோலிவுட்டில் பிறந்தவர் (அந்த ஹாலிவுட் இல்லை, இது டௌன் கவுண்டியில் இருக்கும் சின்ன ஊர்). பிஜிஏ சுற்றின் பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் வருவது நடுவில் சிவப்புக் கை இருக்கும் அல்ஸ்டர் கொடி. பழைய வட அயர்லாந்து அரசு பயன்படுத்திய கொடி அது; அந்த அரசு 1970-களின் தொடக்கத்தில் இல்லாமல் போனதும் கொடிக்கு இருந்த அதிகாரத் தகுதியும் போயிற்று. ஒரு சாராருக்கு அது பெருமை, இன்னொரு சாராருக்கு எரிச்சல். ஆனால் கோல்ஃப் நிர்வாகத்தில் அயர்லாந்து பிரியவே இல்லை. 1891-இல் தொடங்கிய அயர்லாந்து கோல்ஃப் ஒன்றியம் வடக்கு தெற்கு இரண்டையும் சேர்த்தே நடத்தியது. உலகக் கோப்பையில் மெக்கில்ராயும் கிரேம் மெக்டவலும், இரண்டு வடக்குக்காரர்கள், அயர்லாந்து அணியாகத்தான் ஆடினார்கள். 112 வருட இடைவெளிக்குப் பிறகு 2016-இல் கோல்ஃப் ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பியபோது கேள்வி வெடித்தது: பிரிட்டனா, அயர்லாந்தா? 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி வட அயர்லாந்தில் பிறந்தவர் பிரிட்டிஷ், ஐரிஷ், இரண்டும் என்று எப்படி வேண்டுமானாலும் தன்னை வைத்துக்கொள்ளலாம். ஒலிம்பிக்ஸ் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. அவர் 2014-இல் அயர்லாந்து என்றார். 2016-இல் ஜிகா வைரஸைச் சொல்லி விலகினார். தன்னை இப்படியொரு முடிவெடுக்க வைத்ததற்காக ஒலிம்பிக்ஸ் மேல் கோபம் இருந்தது என்று பிறகு ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே பேசினார். டோக்கியோவிலும் பாரிஸிலும் அயர்லாந்துக்காக ஆடினார். 2025 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் ஜெயித்து நான்கு மேஜர்களையும் முடித்தபோது பலகையில் மறுபடியும் சிவப்புக் கை.

ஆக ஒரே மனிதர், வாரத்துக்கு வாரம் வேறு கொடி. இதில் எது சரி என்று கேட்பதே வீண். ஒலிம்பிக்ஸ் பட்டியலில் அயர்லாந்து சரி, மாஸ்டர்ஸ் பட்டியலில் வட அயர்லாந்து சரி. ஜஸ்டின் ரோஸ் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர், வழக்கமான போட்டிகளில் இங்கிலாந்து, 2016-இல் தங்கம் வாங்கியது கிரேட் பிரிட்டனுக்கு. அதற்காக யாரும் அவர் பக்கத்தில் சண்டை போடவில்லை, ஏனென்றால் அந்த மூன்றுக்கும் நடுவில் ரத்தம் சிந்திய வரலாறு அவருக்கு இல்லை. கொடிச் சண்டைகள் கோல்ஃப் பற்றியவையே அல்ல.

‘முதல்’ என்று ஒன்றை எழுதும்போதும் இதே தொல்லை. பிஜிஏ சுற்றில் ஜெயித்த முதல் இந்தியர் அர்ஜுன் அத்வால், 2010 விண்டம் சாம்பியன்ஷிப். திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் நுழைந்து அந்த ஞாயிறே கோப்பையை வாங்கினார், அபூர்வமான காரியம். ஆனால் 2007-இலேயே அங்கே ஒரு சோப்ரா ஜெயித்திருக்கிறார். டேனியல் சோப்ரா: ஸ்டாக்ஹோமில் பிறந்து, இந்தியாவில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, தில்லியில் கோல்ஃப் பழகி, சுவீடனுக்காக ஆடியவர். ‘முதல் இந்தியர்’ என்ற வரியில் அத்வால் பெயரை எழுதுவதுதான் முறை, பலகையின் கணக்கு அப்படி. சோப்ரா பக்கத்தில் தில்லி விரிவாக வந்தால் போதும். அக்‌ஷய் பாட்டியா, சாஹித் தீகலா இருவரும் அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கர்களாக ஆடுகிறவர்கள். அவர்கள் ஜெயிக்கும் திங்கட்கிழமைகளில் நம் ஊர்ச் செய்தித்தளங்கள் அவர்களைத் தத்தெடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தோற்கும் வாரங்களில் அவர்கள் அமெரிக்கர்கள்.

விஜய் சிங்கின் வெற்றிப் பட்டியலைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு வேலை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். பிஜிஏ சுற்றில் 34 வெற்றி, ஐரோப்பியச் சுற்றில் 13 வெற்றி என்று இருக்கும். கூட்டி 47 என்று எழுதக் கூடாது. மேஜர் போட்டிகளை இரண்டு சுற்றுகளும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. ஒரே கோப்பை இரண்டு வரிசையில் வரும். இந்தச் சுற்றுகளில் சேராத நைஜீரிய ஓப்பன் மாதிரி ஆப்பிரிக்க வெற்றிகளும், 1984-இல் முதன்முதலாக வாங்கிய மலேசிய பிஜிஏ பட்டமும் வேறு பகுதியில் வரும்.

இனிமேல்தான் கஷ்டமான பத்தி. 1985-இல் இந்தோனேசிய ஓப்பனில் ஸ்கோர் அட்டையைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஆசியச் சுற்றிலிருந்து அவர் நீக்கப்பட்டார். தான் ஏமாற்றவில்லை என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறார். கோல்ஃபில் உடன் ஆடுபவர் எழுதும் ஸ்கோரை ஆட்டக்காரரே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், அட்டை விவகாரம் அங்கே கொலைக் குற்றத்துக்குச் சமம். நீக்கத்துக்குப் பிறகு மலேசியாவின் போர்னியோப் பகுதியில் ஒரு சங்கத்தில் பயிற்சியாளராக வேலை பார்த்துக்கொண்டு, வெயிலில் மணிக்கணக்காகப் பந்தடித்துப் பழகினார். பயிற்சித் திடலை விட்டு நகராத ஆள் என்ற பெயர் அங்கேதான் ஆரம்பம். உயிரோடிருப்பவரைப் பற்றி எழுதும்போது விக்கியின் விதி கடுமையானது: குற்றச்சாட்டை எழுதலாம், வலுவான ஆதாரம் வேண்டும், அவர் மறுப்பையும் எழுத வேண்டும், நாற்பது வருட வாழ்க்கையில் அந்த ஒரு வாரம் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்று அளந்து எழுத வேண்டும். மூன்று வாக்கியம் எழுதினேன். ஒருவர் வந்து முழுவதையும் நீக்கினார், இன்னொருவர் வந்து அதை ஒரு தனிப் பகுதியாக்கி ‘சர்ச்சைகள்’ என்று தலைப்புப் போட்டார். இரண்டும் வேண்டாம் என்று மறுபடியும் அதே மூன்று வாக்கியம். சர்ச்சைகள் என்று தனித் தலைப்பு இருக்கும் எந்த வாழ்க்கைக் கட்டுரையையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். வாழ்க்கையில் எது எப்போது நடந்ததோ அங்கேயே அதை வைக்க வேண்டும்.

சிறுவயதில் தேங்காயைப் பந்தாக வைத்து அடித்துப் பழகினார் என்ற கதைக்கு மட்டும் எப்போதும் எதிர்ப்பு வருவதில்லை. இனிமையான கதை, அதனால் பக்கத்துக்குப் பக்கம் குதித்துக்கொண்டே இருக்கிறது.

கொடி விஷயத்தில் என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தவர் விஜய் சிங் இல்லை, பாப்வா சேவ்கோலம். டர்பன்காரர், இந்திய வம்சாவளி, பீச்வுட் சங்கத்தில் கேடியாக (மட்டைப் பையைச் சுமப்பவராக) இருந்து தானாகவே ஆட்டம் கற்றவர். மட்டையை எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, வலது கைக்குக் கீழே இடது கையை வைத்துப் பிடிப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. பிறந்த வருடமே 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. டர்பன் வேதியியலாளர் ஒருவர், ஓலே என்ற முகப்பூச்சைக் கண்டுபிடித்த கிரகாம் வுல்ஃப், 1959-இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். அந்த வருடமே டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1960-இலும் 1964-இலும் மறுபடியும் ஜெயித்தார். சொந்த ஊரில் 1963 நேட்டால் ஓப்பன், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்தது. வெள்ளையர்கள் நிறைந்த போட்டியில் அவர் முதலிடம். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளை ஆட்டக்காரர்கள் சங்கக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். நிறவெறிச் சட்டம் அவரை உள்ளே விடாது. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார், அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்கப் போட்டிகளிலிருந்து அவரை விலக்கினார்கள், கடவுச்சீட்டையும் பறித்தார்கள். 1978-இல் இறந்தார்.

விதி என்ன சொல்கிறது? போட்டி நடந்தபோது இருந்த நாட்டின், அப்போது இருந்த கொடி. மேலே சபாட்டினி விஷயத்தில் அந்த விதிக்காகத்தான் வாதாடினேன். அப்படியானால் 1959 டச்சு ஓப்பன் வரிசையில் சேவ்கோலம் பெயருக்கு முன்னால் நிற்க வேண்டியது 1928 முதல் 1994 வரை இருந்த ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடி. அவருக்கு வாக்குரிமை தராத, கட்டடத்துக்குள் விடாத அரசின் கொடி. ஆங்கிலப் பக்கங்களில் அதுதான் நிற்கிறது. இன்றைய வானவில் கொடியை வைக்கலாம் என்றால், அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து வந்த கொடி அது. வரலாற்றுக்குப் பூச்சு வேலை ஆகிவிடும். இந்தியக் கொடியை யோசிக்கவே வேண்டாம்.

போட்டிப் பட்டியல்களில் பழைய கொடியை நான் தொடவில்லை. அந்தக் கோப்பையை வாங்கியவர் எந்த நாட்டின் பெயரில் பதிவானார் என்பதை அந்த வரிசை சொல்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் சேவ்கோலத்தின் சொந்தப் பக்கத்தில் தகவற்சட்டத்திலிருந்து கொடியை எடுத்துவிட்டேன். ‘தென்னாப்பிரிக்கா’ என்று எழுத்தில் மட்டும் இருக்கிறது. கூடவே, அவர் முடிவுகளை வருடவாரியாகத் தரும் அட்டவணைக்கு மேலே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: தடை செய்யப்பட்டதால் இன்ன காலத்துக்குப் பிறகு முடிவுகள் இல்லை என்று. அது இல்லாவிட்டால் அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கிறவர் ஆளுக்கு ஆட்டம் போய்விட்டது என்று நினைப்பார். உரையாடல் பக்கத்தில் ஒருவர் சீர்மை வேண்டும், எல்லாக் கோல்ஃப் பக்கங்களிலும் கொடி இருக்க இதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிடலாம் என்பது. ஆளின் பக்கத்தில் எழுத்து போதும், கொடி போட்டிப் பட்டியலோடு நிற்கட்டும். இன்னும் பேச்சு முடியவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. விஜய் சிங்கின் 1984 மலேசிய பிஜிஏ வெற்றிக்கும், அதற்குப் பிந்தைய போர்னியோ வருடங்களுக்கும் அந்தக் காலத்துச் செய்தித்தாள் ஆதாரம் குறைவாகவே கிடைத்திருக்கிறது. இப்போது மேற்கோளில் இருப்பவையெல்லாம் பிற்பாடு அமெரிக்கர்கள் எழுதியவை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்வடிவத் தொகுப்பில் தமிழ் முரசு உட்பட பழைய நாளிதழ்கள் இருக்கின்றன; பழைய தமிழ் நேசன் கட்டுகள் யார் வீட்டிலாவது இருந்தால் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் தெரியும்படி படமெடுத்து அனுப்பினால் போதும். அந்தச் செய்தியில் அவரை எந்த நாட்டுக்காரர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.